காருக்கும் அடக்க விலை உண்டு

துவரம் பருப்பு மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்பதற்காக மண்டியில் அரை மணி நேரம் நின்று பேசுகிறவர்கள் நாம். வாங்கிய விலையோடு லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்குக் கழிவு, எடைக் குறைவு, முடங்கிய பணத்துக்கு வட்டி இவ்வளவையும் சேர்த்த பிறகுதான் 'அடக்கம் இவ்வளவு' என்று வாயைத் திறப்போம். அடக்கம் தெரியாமல் விற்பனை விலை சொல்லுகிறவரை வியாபாரி என்றே நாம் ஒப்புக்கொள்வதில்லை. அதே நாம் கார் வாங்கப் போகும்போது கேட்கிற கேள்வி இரண்டே இரண்டுதான். "என்ன விலை?" "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

இந்த இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொண்டு நானும் ஒரு முறை கார் வாங்கினேன். அதனால் பட்ட நட்டத்தையும், அதன் பிறகு கற்றுக்கொண்ட கணக்கையும் நமது இதழில் எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது. நான் வாகன நிபுணன் அல்லன். மளிகை மொத்த வியாபாரி. எங்கள் ஊரிலிருந்து விருதுநகர் 25 கிலோ மீட்டர். வாரத்தில் நான்கு நாள் போய் வருகிறேன். சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு வசூலுக்குப் போவது தனி. நம்மில் பெரும்பாலோருடைய ஓட்டம் இப்படித்தான் இருக்கும்.

எடையே எரிபொருள்

நமது மூத்த தலைமுறை வணிகர்கள் அம்பாசிடரில் போனவர்கள். அதன் பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி.; வண்டியின் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது அதற்கு 796 சி.சி. எஞ்சின், மூன்றே சிலிண்டர். எடை அம்பாசிடரை விடப் பல நூறு கிலோ குறைவு. "இது என்ன தீப்பெட்டி மாதிரி" என்று சிரித்தவர்கள் எல்லாரும் பின்னால் அதைத்தான் வாங்கினார்கள். கார் முதலில் சுமப்பது தன்னைத்தான். தன் எடை குறைந்தால் எரிபொருள் குறையும் என்பதை அந்த வண்டி நாட்டுக்கே காட்டியது. 30 ஆண்டுகள் ஓடிய பிறகு 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது.

1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும், அதே ஆண்டில் டாடா இண்டிகாவும் வந்தன. 2000-இல் ஆல்டோ வந்தது. 2009-இல் விற்பனைக்கு வந்த நானோ, உலகிலேயே மலிவான கார் என்று பேசப்பட்டது. சுமார் பத்தாண்டில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. விலை குறைவு என்பது மட்டும் ஒரு பொருளை விற்றுக் கொடுத்துவிடாது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

'சிறிய கார்' என்பதற்கு வரிச் சட்டத்திலேயே அளவு இருக்கிறது. நீளம் 4 மீட்டருக்கு மேற்படக் கூடாது. எஞ்சின் பெட்ரோல், எரிவாயு என்றால் 1200 சி.சி.க்குள்ளும், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள்ளும் இருக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இவற்றுக்கு 28 சதவீத வரி, அதன் மேல் சிறு மேல்வரி. 2025 செப்டம்பர் 22 முதல் இது 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; இந்த அளவைத் தாண்டிய கார்களுக்கு 40 சதவீதம் ஆயிற்று. ஆகவே அளவுக்குள் நிற்கிற வண்டிக்கும் அதைத் தாண்டுகிற வண்டிக்கும் இடையே பெரிய வரி வித்தியாசம் உண்டு.

எடை குறைவு நல்லது என்று சொன்னேன். அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 2023 ஏப்ரலில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் வேகன் ஆர் ஒரு நட்சத்திரமும், ஆல்டோ கே10 இரண்டு நட்சத்திரமும் பெற்றன. 2020-இல் டாடா டியாகோ நான்கு நட்சத்திரம் பெற்றிருந்தது. 2025-இல் ஆல்டோ கே10, வேகன் ஆர் இரண்டிலும் எல்லா ரகங்களுக்கும் ஆறு காற்றுப்பைகள் வந்துவிட்டன. குடும்பத்தோடு நான்கு வழிச்சாலையில் போகிறவர்கள் மைலேஜைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அட்டையில் உள்ள மைலேஜ்

விளம்பரத்தில் வரும் மைலேஜ் பொய் அல்ல. ஆனால் நம் சாலையில் கிடைப்பதும் அல்ல. அது சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி. போடாமல், வகுத்துக் கொடுத்த வேகத்தில் ஓட்டி எடுக்கிற அளவு. ஒரு காரையும் இன்னொரு காரையும் ஒப்பிடுவதற்கு அது உதவும். நம் வீட்டுச் செலவுக்கு உதவாது. வேகன் ஆர் 1.0 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு அறிவிக்கப்பட்ட அளவு 24.35. நம் ஊர் வெயிலில் ஏ.சி. போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து, கடைவீதியில் ஊர்ந்து போனால் 17, 18 கிடைத்தால் நல்லது. அறிவித்ததில் கால் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது என் வழக்கம்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கு எரிசக்தி குறைவு. ஒரு லிட்டருக்குப் பெட்ரோலில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்றும், புதிய கலப்புக்கு ஏற்பச் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. 2023-க்கு முந்தைய பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான மைலேஜ் தெரிய வேண்டுமானால் டேங்க்கை நிரப்புங்கள். குழாய் தானாக நிற்கிற இடத்தோடு சரி, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோ மீட்டருக்குக் குறையாமல் ஓட்டுங்கள். பிறகு அதே பங்க்கில், அதே குழாயில், அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் விடை. டாஷ்போர்டில் தெரிகிற எண்ணை நம்பி யாரும் பந்தயம் கட்ட வேண்டாம். புது வண்டி வாங்கப் போகிறவர்கள், அதே மாடல் வைத்திருக்கும் அடுத்த கடைக்காரரிடம் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லலாம். ஒரு காப்பிச் செலவோடு காரியம் முடிந்துவிடும்.

இரண்டு கிலோ மீட்டரின் மதிப்பு

இங்கே ஒரு கணக்கு ஏமாற்றம் இருக்கிறது. நம்மைப் போன்ற கணக்குப் புலிகளே இதில் விழுகிறார்கள். லிட்டருக்கு 10 கொடுக்கும் வண்டியை விட்டு 12 கொடுக்கும் வண்டிக்கு மாறினாலும், 22-லிருந்து 24-க்கு மாறினாலும் லாபம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். இரண்டிலும் வித்தியாசம் 2 கிலோ மீட்டர்தானே!

ஆண்டுக்கு 12,000 கிலோ மீட்டர் ஓட்டம் என்று கொள்வோம். 10 கொடுக்கும் வண்டி குடிப்பது 1,200 லிட்டர். 12 கொடுப்பது 1,000 லிட்டர். மிச்சம் 200 லிட்டர். 22 கொடுக்கும் வண்டிக்கு 545 லிட்டர். 24 கொடுப்பதற்கு 500 லிட்டர். மிச்சம் 45 லிட்டர்தான். பெட்ரோல் விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்கு வசதியாக 100 ரூபாய் என்று வைத்தால் முதல் மாற்றத்தில் 20,000 ரூபாய் மிச்சம், இரண்டாவதில் 4,500 ரூபாய் மிச்சம். ஆகவே பழைய பெரிய வண்டியை விட்டுச் சின்ன வண்டிக்கு வருவது பெரிய லாபம். சின்ன வண்டிகளுக்குள்ளேயே இது 22, அது 24 என்று அடித்துக்கொள்வது மாதத்துக்கு 375 ரூபாய் விவகாரம். அந்த 24 கொடுக்கிற வண்டி 60,000 ரூபாய் அதிகம் என்றால், 9 சதவீத வட்டியே ஆண்டுக்கு 5,400 ரூபாய் போய்விடுகிறதே!

முழு அடக்கம்

இப்போது சரக்குக்குப் போடுகிற மாதிரியே காருக்கும் அடக்கம் போட்டுப் பார்ப்போம். சாலைக்கு வந்து சேர 6,00,000 ரூபாய் ஆகிற புதிய சிறிய பெட்ரோல் கார். ஆறு ஆண்டு ஓட்டி 2,50,000 ரூபாய்க்கு விற்கிறோம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோ மீட்டர், லிட்டருக்கு 18. அவரவர் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

ஆண்டுக்கு,
விலையில் கழிவு: ரூ. 58,300
முடங்கிய முதலுக்கு 9 சதவீத வட்டி (சராசரி ரூ. 4,25,000-க்கு): ரூ. 38,250
இன்சூரன்ஸ்: ரூ. 15,000
சர்வீஸ், சில்லறைப் பழுது: ரூ. 10,000
டயர் தேய்மானம்: ரூ. 4,800
பெட்ரோல்: ரூ. 66,700
ஆக மொத்தம்: ரூ. 1,93,050

கிலோ மீட்டருக்கு 16 ரூபாய். அதில் பெட்ரோல் ஐந்தரை ரூபாய், மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு வண்டி கொட்டகையில் நின்றாலும் பெரும்பாலும் போய்க்கொண்டே இருக்கிற காசு. முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது நான் கூட்டலில் தப்பு செய்துவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கை முதலில் வாங்கினால் வட்டி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பணம் கடையில் சரக்காக இருந்திருந்தால் என்ன சம்பாதித்திருக்கும் என்று அவர்களே சொல்லட்டும்.

இனி நான்கு ஆண்டு ஓடிய அதே வகைக் காரை 3,25,000 ரூபாய்க்கு வாங்கி, ஐந்து ஆண்டு ஓட்டி 1,50,000-க்கு விற்பதாகக் கொள்வோம். கழிவு 35,000. வட்டி 21,400. இன்சூரன்ஸ் 9,000. பழுதுச் செலவை 16,000 என்று தாராளமாகவே போடுகிறேன். டயர் 4,800. மைலேஜ் 17 என்று குறைத்துப் போட்டால் பெட்ரோல் 70,600. மொத்தம் 1,56,800, கிலோ மீட்டருக்கு 13 ரூபாய். மைலேஜ் குறைந்த பழைய வண்டி, மைலேஜ் கூடிய புது வண்டியைக் காட்டிலும் ஆண்டுக்கு 36,000 ரூபாய் மிச்சப்படுத்துகிறது! வண்டி நல்லதாக அமைய வேண்டும், அதுதான் நிபந்தனை. நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப் போக 1,000 ரூபாய் கொடுப்பதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஆண்டுக்கு 30,000 கிலோ மீட்டர் ஓடுகிற மொத்த வியாபாரியின் கதை வேறு. அவருக்குப் பெட்ரோல் மட்டுமே 1,66,000 ரூபாய்க்கு மேல் போய், மொத்தச் செலவில் பாதியைத் தாண்டிவிடும். மைலேஜைப் பற்றி அவர்தான் கவலைப்பட வேண்டும். மாதம் 300 கிலோ மீட்டர்கூட ஓடாதவர், கார் வேண்டுமா என்றே ஒரு முறை யோசிப்பது நல்லது. வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

கேஸா, டீசலா?

சி.என்.ஜி. வண்டிக்கு மைலேஜ் கிலோவுக்குச் சொல்வார்கள். வேகன் ஆர் சி.என்.ஜி.க்கு அறிவித்த அளவு கிலோவுக்கு 34.05 கிலோ மீட்டர். கால் பங்கைக் கழித்து 26 என்று கொண்டு, கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் கிலோ மீட்டருக்கு மூன்றரை ரூபாய் ஆகிறது. பெட்ரோலுக்கு ஐந்தரை. மிச்சம் ஏறக்குறைய 2 ரூபாய் 10 காசு. ஆனால் அந்த வண்டி பெட்ரோல் வண்டியை விட 90,000 ரூபாய் அதிகம் என்று கொண்டால், அதைத் திரும்ப எடுக்க 43,000 கிலோ மீட்டர் ஓட வேண்டும். நாளுக்கு 80 கிலோ மீட்டர் ஓடுகிறவர் இரண்டு ஆண்டுக்குள் எடுத்துவிடுவார். மாதம் 600 ஓடுகிறவருக்கு ஆறு ஆண்டு ஆகும். அதற்குள் வண்டியையே விற்கிற நாள் வந்துவிடும்.

நாம் அன்றாடம் போகிற வழியில் கேஸ் பங்க் இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். வியாபாரிக்கு அரை மணி நேரம் என்பது காசு. டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். 2023 முதல் டாடா சில மாடல்களில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சிறிய சிலிண்டர்களைக் கீழே வைத்து இடம் மிச்சப்படுத்தியிருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சிலிண்டரை அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். பழைய கேஸ் வண்டி வாங்கும்போது அந்தத் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

டீசலுக்கு ஒரு காலம் இருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, டீசலுக்கு 2014 அக்டோபர் வரை நீடித்ததால் இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தது. அப்போது ஆளாளுக்கு டீசல் கார் வாங்கினார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்தியது. சிறிய கார்களில் டீசல் அநேகமாக மறைந்துவிட்டது. பி.எஸ். 6 டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது சுத்தமாக வேண்டுமானால் வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று கிலோ மீட்டர் ஓட்டுகிறவருக்கு அது அடைத்துக்கொள்ளும்.

மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், கிலோ மீட்டருக்கு ஆகிற மின்செலவும் பெட்ரோலில் சிறு பங்குதான். வீட்டில் வண்டி நிறுத்த இடமும் சார்ஜ் போட வசதியும் உள்ளவர், ஓட்டமும் நாளுக்கு 60, 70 கிலோ மீட்டருக்கு மேல் ஓரளவு நிலையாக இருப்பவர், மேலே சொன்ன அதே கணக்கை அதற்கும் போட்டுப் பார்க்கலாம். விற்கும் விலையை மட்டும் குறைத்தே மதிப்பிடுங்கள்.

காரில் மூட்டை ஏற்றலாமா?

இனித்தான் நான் பட்ட பாடு. 2016-இல் புதிதாகச் சிறிய கார் எடுத்தேன். பின் சீட்டை மடக்கினால் நன்றாக இடம் கிடைக்கிறது. "லோடு ஆட்டோவுக்கு எதற்கு வாடகை? போகிற வண்டிதானே" என்று நினைத்தேன். அன்றைக்கு 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கு, 15 கிலோ எண்ணெய் டின் பத்து. ஆக 250 கிலோ. முன் சீட்டில் மச்சினன். ஊருக்கு ஏழு கிலோ மீட்டர் இருக்கும்போது ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். வண்டி வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை; பாலச் சுவரில் போய் மோதியது. வண்டி நின்றுவிட்டது, டின்கள் நிற்கவில்லை. ஒரு டின் மச்சினன் தோளில் வந்து மோதி எலும்பு முறிந்தது. தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றைக்கும் மனம் கூசுகிறது. என் மனைவி அதை இன்னும் சொல்லிக் காட்டுவதில்லை; சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வண்டிக்கு 64,000 ரூபாய் வேலை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், சிதறிக் கிடந்த அரிசியைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது சொந்த உபயோகக் கார் பாலிசி. இதில சரக்கு ஏத்தலாம்னு யாரு சொன்னா?" என்று கேட்டார். பாலிசியை எடுத்துப் பிரித்தால் 'உபயோக வரம்பு' என்ற இடத்தில் அச்சடித்தே இருக்கிறது. வாடகைக்கு ஓட்டக் கூடாது. மாதிரிச் சரக்கும் சொந்தப் பயணச் சாமான்களும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது. எல்லா நிறுவனத்தின் தனியார் கார் பாலிசியிலும் இந்த வாசகம் உண்டு. நான் அதைப் படித்தது அன்றைக்குத்தான். ஒரு ரூபாய் வரவில்லை.

நம்மில் எத்தனை பேர் காரில் சிப்பம் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்பது எனக்குத் தெரியும். சிறிய கார்களின் பின் அச்சும் ஸ்பிரிங்கும் ஆளுக்காகச் செய்யப்பட்டவை. 250 கிலோ பின்னால் உட்கார்ந்தால் நிறுத்த ஆகும் தூரம் கூடும், முன் சக்கரத்தின் பிடி குறையும், மைலேஜும் இறங்கும். மிச்சம் பிடித்த லோடு ஆட்டோ வாடகை எந்த மூலைக்கு?

சரக்கு அன்றாடம் வருகிறது என்றால் அதற்குரிய வண்டி வாங்குவதே முறை. 2005-இல் வந்த டாடா ஏஸை நம் மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துக் கொண்டாடியது சும்மா அல்ல. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் வேண்டியதில்லை. தகுதிச் சான்று மட்டும் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். கார் ஓட்டும் இலகு ரக லைசென்ஸே இதற்குப் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது.

இதில் வரி லாபமும் இருக்கிறது. கார் வாங்கும்போது கட்டுகிற ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு, நாம் 'இன்புட்' என்று சொல்கிறோமே, அது கிடையாது. கடைப் பெயரில் வாங்கினாலும் கிடையாது. சரக்கு வண்டிக்கு உண்டு. வரி நீங்கலாக 5,00,000 ரூபாய் வண்டி என்றால் 18 சதவீதம் 90,000 ரூபாயை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். அந்த 90,000-க்கும் சேர்த்து வருமான வரியில் தேய்மானம் கேட்கக் கூடாது, இரண்டில் ஒன்றுதான். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு எந்த வண்டிக்கும் இன்புட் இல்லை.

நான் என்ன செய்தேன் என்றால், மூட்டைக்கு வாரம் இரண்டு நடை குட்டி யானை வாடகைக்குப் பேசிக்கொண்டேன். எனக்கும் குடும்பத்துக்கும் ஐந்து ஆண்டு ஓடிய பழைய கார் ஒன்று. லிட்டருக்குப் பதினேழுக்கு மேல் அது கொடுத்ததில்லை. கணக்கில் எனக்கு இதுவே கட்டி வருகிறது.

பணம் கொடுக்கும்போது

கடையின் பெயரில் கார் வாங்கினால் வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். அக்டோபர் தொடக்கத்துக்குள் வண்டி கைக்கு வந்தால் முழுசு, தீபாவளிக்கு வாங்கினால் பெரும்பாலும் பாதி. சொந்த உபயோகத்துக்கு உரிய பங்கை அதிகாரி கழித்துவிடுவார் என்பதையும் நினைவில் வையுங்கள். விற்றுமுதலில் 8 சதவீதம் அல்லது 6 சதவீதம் என்று உத்தேச வருமானம் காட்டுகிறவர்களுக்குத் தேய்மானம் அதற்குள்ளேயே அடக்கம். தனியாகக் கேட்க முடியாது. ஆகவே 'வரி மிச்சம்' என்று ஷோரூமில் யாராவது சொன்னால் உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் தலையாட்ட வேண்டாம்.

பழைய கார் விற்பவர் பாதியை ரொக்கமாகக் கேட்பார். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை சொத்தின் விலையில் சேராது, தேய்மானமும் கிடைக்காது. 2,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது அவருக்கே சட்ட விரோதம்.

கடன் வாங்குகிறவர்கள் வட்டி நிலை வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா என்று முதலில் கேட்க வேண்டும். பழைய வண்டிக் கடனில் இந்தக் குழப்பம் அதிகம். 4,00,000 ரூபாய்க்கு ஐந்து ஆண்டு, 7 சதவீத நிலை வட்டி என்றால் வட்டி 1,40,000. மாதத் தவணை 9,000. கேட்க மலிவாகத் தெரியும். குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறக்குறைய 12.5 சதவீதம். அடுத்த வங்கியில் 10 சதவீதம் குறையும் நிலுவைக்குக் கொடுத்தால் அதுவே மலிவு.

பழைய வண்டியின் ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் கொடுத்த நிறுவனம் கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவத்தோடு அதை நீக்கிய பிறகே மீதிப் பணம். விற்பவர் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதோடு வேலை முடிந்ததாக எண்ணி வண்டியை ஓட்டி வந்துவிடக் கூடாது. பெயர் மாற்றம் நடந்து ஆர்.சி. கைக்கு வர வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அந்தப் பாலிசியில் பணம் கேட்க முடியாது.

நாம் நமது பழைய காரை விற்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து ஏற்பட்டால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நட்ட ஈடு நம் தலையில் விழும். என் முதல் காரை விற்றபோது வாங்கியவரோடு நானே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். அரை நாள் கடை போயிற்று. மாற்றிய ஆர்.சி.யின் நகல் இன்னும் என் கல்லாப் பெட்டியில் இருக்கிறது.